துண்டு போர்த்தும் முன்

கேள்வி: காங்கயம் பக்கம் எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துக்கு இது இருபத்தைந்தாம் ஆண்டு. தை மாதம் நடத்தும் மின்னொளிக் கபடிப் போட்டியில், திருநங்கை, திருநம்பி ஆகிய திருநரும் தன்பாலீர்ப்பாளரும் விளையாட்டில் ஒதுக்கப்படாமல் இருக்கப் பாடுபட்ட வீரர்கள், தன்னார்வலர்கள் சிலரை மேடையேற்றி மரியாதை செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பெரியவர்கள் சிலர் தயங்குகிறார்கள். யாரை அழைப்பது, எப்படிச் செய்வது, எதிர்ப்பு வந்தால் என்ன பதில் சொல்வது?

பதில்:

தம்பி, முப்பத்திரண்டு வருடமாகக் கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் என்று தடகளப் போட்டிகளில் நடுவராக நிற்கிறேன். கபடிக்கும் லைன் பார்க்கப் போயிருக்கிறேன். எந்த மன்றமும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. மனசு நிறைந்துபோய் எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் நீளும்.

யாரை அழைப்பது என்பதில்தான் நாம் பெரும்பாலும் தவறிவிடுவோம். பதக்கம் வாங்கியவர், டிவியில் வந்தவர் என்று பேர் பெற்றவர்களையே தேடுவோம். ஆனால் ஒரு பிள்ளை கிரவுண்டை விட்டுப் போகாமல் நிற்பது, அநேகமாக யாருக்கும் பேர் தெரியாத ஒருவரால். முதல் மரியாதை அவருக்குப் போக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நான் பார்த்த ஒன்றைச் சொன்னால் காரணம் புரியும்.

2007 தொடக்கத்தில், ஈரோட்டுப் பக்கம் பள்ளிகளுக்கிடையிலான போட்டி. அதற்குச் சில வாரம் முன்புதான் சாந்தி சௌந்திரராஜன் செய்தி நாடு முழுக்க ஓடியிருந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைக் கூலிகளின் மகளாகப் பிறந்தவர். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். சில நாளிலேயே பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தரங்கமாக வைத்திருக்க வேண்டிய ஒரு மருத்துவ விவரத்தை ஊர் ஊராகப் பேசினார்கள். அந்தப் பேச்சு நம் பள்ளி மைதானங்களுக்கும் வந்து சேர்ந்தது. முடியைக் கிராப் வெட்டியிருந்தால் சந்தேகம், குரல் கொஞ்சம் கட்டையாக இருந்தால் சந்தேகம்.

அன்றைக்கு மாணவியர் 400 மீட்டர் முதல் சுற்று. ஓடுகிறவர்களைப் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கும் அறையில் நான் பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தேன். மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், தனியாக, வெறுங்காலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. இன்னொரு அணியின் மேனேஜர் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "இது பொண்ணா பையனான்னு பாத்துட்டு ஓட விடுங்க" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டது. காலின் பெருவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. தலைமை நடுவர் வந்து சொல்லட்டும் என்று பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.

வேறொரு பள்ளியின் உடற்கல்வி டீச்சர், தன் பிள்ளைகளைக் கூட்டிவந்தவர், எழுந்து வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் இருந்த நம்பர் துணியை வாங்கி, நான்கு மூலையிலும் ஊக்கு குத்திப் பனியனில் மாட்டினார். அவசரமே இல்லாமல் மாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங் சார், லிஸ்ட்ல புள்ளையோட பேரு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க டீச்சர்."

"அப்பறம் என்னத்துக்கு நிக்க வெச்சுப் பேசறீங்க? லேன் நம்பரச் சொல்லுங்க."

"அஞ்சு" என்றேன். அவ்வளவுதான். அந்தப் பெண் ஓடியது, நான்காவதாக வந்தது, இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. அது யார், பின்னால் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அதன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் கிடையாது. டீச்சரை மட்டும் அதற்கப்புறம் விடாமல் கவனித்தேன். வாலிபால் ஆடிக்கொண்டிருந்த அவருடைய பழைய மாணவர் ஒருவர் தன்னைத் திருநம்பி என்று, அதாவது பெண்ணாகப் பிறந்தாலும் தான் ஆண்தான் என்று, வீட்டில் சொன்னபோது வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் டீச்சர் வீட்டுத் திண்ணை அறையில்தான் இருந்தார். காலையில் அவர் ஓடப் போகும்போது டீச்சரின் கணவர் ஸ்கூட்டியில் பின்னாலேயே போவார், வழியில் யாரும் வம்பிழுக்கக் கூடாதென்று. இந்த இருவருக்கும் இதுவரை யாரும் ஒரு துண்டு போர்த்தியதில்லை.

உங்கள் பக்கமும் இப்படி ஆட்கள் இருப்பார்கள். பிடி சார், டீச்சர், ஆட்டோ ஓட்டுகிற அண்ணன், ஓடுவதற்கான ஸ்பைக் ஷூ வாங்கப் பணம் கொடுத்த மில் மேஸ்திரி. விளையாடுகிற பிள்ளைகளைத் தனித்தனியாகக் கேளுங்கள், "உனக்காக யாரு நின்னாங்க?" என்று. பெயர் தானாக வரும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பட்டியல் முழுக்க ஒரே சமூகத்து ஆட்களாக அமைந்துவிட்டால் மறுபடி தேடுங்கள். சாந்தி ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர். பதக்கம் போனபிறகு அவருக்காகப் பேச இத்தனை காலம் ஏன் ஆனது என்பதில் அதுவும் சேர்ந்தே இருக்கிறது.

சாந்தி கதையின் மிச்சத்தையும் மேடையில் யாராவது சொல்ல வேண்டும். அன்றைய முதல்வர் கருணாநிதி அறிவித்த 15 லட்சம் ரூபாய்ப் பரிசைத் தமிழக அரசு திரும்பக் கேட்கவில்லை. சாந்தி தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். ஆனாலும் 2012-இல் அதே செங்கல் சூளைக்குக் கூலி வேலைக்குப் போனார். அதன்பின் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்றுநர் பட்டயம் முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராக ஆனார். பதக்கம் இன்னும் திரும்பவில்லை. ஒன்றை மட்டும் கவனமாகப் பிரித்துச் சொல்லுங்கள்: அவர் திருநங்கை அல்ல. பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவர். உடலின் பால் கூறுகளில் இயற்கையாக வருகிற வேறுபாட்டை ஊடுபால் என்பார்கள், அது வேறு. எல்லாவற்றையும் ஒரே பெயரில் கட்டி மைக்கில் சொன்னால், மரியாதை செய்யப்போய் அவமானம் செய்ததாகிவிடும்.

டூட்டி சந்த் பெயரும் உங்கள் கூட்டத்தில் வரும். ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்துப் பெண், ஓட்ட வீராங்கனை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குக் கிளம்பும் நேரத்தில், உடலில் இயற்கையாகவே ஆண் ஹார்மோன் அதிகம் என்று சொல்லி நீக்கினார்கள். அவர் மருந்து சாப்பிட்டு அதைக் குறைக்க மாட்டேன் என்றார். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015 ஜூலையில் மன்றம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கினார். 2019-இல், தான் ஒரு பெண்ணைக் காதலிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். இந்தியத் தடகளத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தும் சொன்னார்.

அந்த வழக்கில் நிறையப் பேர் கவனிக்காத ஒன்று உண்டு. இருபது வயதுகூட ஆகாத ஒரு கிராமத்துப் பெண் தனியாக லோசான் வரைக்கும் போய்விட முடியாது. பயோஷ்ணி மித்ரா என்ற ஆய்வாளர், முன்னாள் பேட்மிண்டன் வீராங்கனை, ஆரம்பத்திலிருந்து கூடவே நின்றார். டொராண்டோவின் வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள். ஊக்கு குத்தி நம்பர் மாட்டிய நம்ம டீச்சர் செய்ததும் அதே வேலைதான்.

யாராவது, "டூட்டி ஊக்கமருந்தில் மாட்டினாரே" என்று கேட்பார்கள். ஆமாம், 2023-இல் நான்காண்டுத் தடை விதித்தார்கள். மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். நடுவராக நான் அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் 2014-இல் அவர் முடியாது என்று சொன்ன ஒரு சொல்லால் எத்தனையோ பெண்களுக்குச் சில வருடமாவது நிம்மதி கிடைத்தது. அது நடந்தது நடந்ததுதான்.

இப்படி மரியாதை செய்வது புதிதும் அல்ல. டாம் வாடெல் என்று அமெரிக்க மருத்துவர் ஒருவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில், பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகாத்லானில் ஆறாவதாக வந்தவர், தன்பாலீர்ப்பாளர். 1982-இல் சான் பிரான்சிஸ்கோவில், கே கேம்ஸ், அதாவது தன்பாலீர்ப்பாளர் விளையாட்டு, என்ற போட்டியைத் தொடங்கினார். அதில் கலந்துகொள்ளத் தகுதிச் சுற்று கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம், தன்னால் முடிந்த அளவு ஆடலாம். முதலில் ஒலிம்பிக் என்ற சொல்லோடுதான் பெயர் வைத்தார்கள். அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி வழக்குப் போட்டு, 1987-இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் அந்தச் சொல்லைப் பிடுங்கியது. அதே வருடம் வாடெல் எய்ட்ஸ் நோயால் இறந்துபோனார், வயது 49. போட்டி நிற்கவில்லை. 2023 நவம்பரில் முதல்முறையாக ஆசியாவுக்கு வந்து, ஹாங்காங்கிலும் மெக்சிகோவின் குவாடலஹாராவிலும் சேர்ந்து நடந்தது. அந்தக் கூட்டமைப்பு வாடெல் பெயரிலேயே ஒரு விருது கொடுக்கிறது. எனக்குப் பிடித்தது, வேகத்தையும் தூரத்தையும் அளக்காமல் உழைப்பைப் பார்த்து அதைக் கொடுப்பது.

நம் நாட்டிலும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2017 ஏப்ரலில் கேரளம், திருநருக்கென்றே மாநிலத் தடகளப் போட்டி நடத்தியது. 2020-இல் மணிப்பூரில், சதாம் ஹஞ்சபம் தொடங்கிய யா ஆல் அமைப்பு திருநம்பிகளைக் கொண்டு ஒரு கால்பந்து அணி அமைத்தது. சேலத்துப் பிரித்திகா யாஷினியை விளையாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, நான் சேர்ப்பேன். போலீஸ் உடல்தகுதித் தேர்வில் எல்லாம் தேறி, 100 மீட்டரில் மட்டும் ஒரு விநாடி சொச்சத்தில் தவறினார். 2015-இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது, 2017-இல் நாட்டின் முதல் திருநங்கை உதவி ஆய்வாளர் ஆனார். நம்ம பக்கத்து மனுஷி. ஓடுவதற்கு அனுமதி வாங்கவே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி எப்படிச் செய்வது. ஃப்ளெக்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன், நம்ம ஊரில் எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வருகிறவரின் படத்தையும் பெயரையும் அடிப்பதற்கு முன், நேரில் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒருவர் தன்னைப் பற்றி நண்பர்களிடம் சொல்லியிருப்பார், அப்பாவிடம் சொல்லியிருக்க மாட்டார். பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பார், அங்கே தெரிந்தால் வேலை போகும். நான்கு ரோட்டில் பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டு, "உங்களப் பெருமைப்படுத்தத்தானுங்க" என்றால் அவர் பொழப்பு போனது போனதுதான். என்ன பெயர் போடுவது, இனிஷியல் வேண்டுமா, படம் வேண்டுமா, வீட்டார் வருவார்களா, இந்த நான்கையும் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் அத்தோடு விடுங்கள், வற்புறுத்தாதீர்கள். மேடையே வேண்டாம் என்பவருக்கு வீட்டுக்குப் போய்ச் செய்கிற மரியாதையும் மரியாதைதான்.

மைக் பிடிக்கிறவரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கூட்டத்தைச் சிரிக்கவைக்க நடையையும் குரலையும் நக்கல் செய்கிற வர்ணனையாளர்கள் உண்டு. அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை அப்படி விழுந்தாலும் நீங்கள் செய்த அத்தனையும் வீண். ஆளை முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லுங்கள்: திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பாளர் என்றுதான் சொல்ல வேண்டும், பழைய கெட்ட சொற்கள் எதுவும் வரக்கூடாது. அவனா அவளா என்று தடுமாறவும் தேவையில்லை. அவர் என்று சொன்னால் போதும், ‘வாங்க, உக்காருங்க’ என்ற நம்ம பேச்சு வழக்கமே அதற்கு ஏற்றதாகத்தான் இருக்கிறது.

வருகிறவர்களை ஒறம்பரை வந்தால் எப்படிக் கவனிப்போமோ அப்படிக் கவனியுங்கள். தனி வரிசை போட வேண்டாம், தனிச் சாப்பாடு வேண்டாம், எல்லோரும் உட்காரும் பந்தியிலேயே இலை போடுங்கள். உடை மாற்ற ஒரு அறை, தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை, இவை இரண்டையும் முந்தின நாளே போய்ப் பாருங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சாவியை வாங்கி வைத்தால் தீர்ந்தது. நல்லா ஓடுகிற எத்தனையோ பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் போட்டிக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன், ஒதுங்க இடமில்லை என்பதால்.

கூட்டம் சேர வேண்டும் என்று திருநங்கைகளை வைத்து ஒரு ‘சிறப்பு ஆட்டம்’ போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது வேடிக்கை பார்க்கவைக்கும் வேலை. ஸ்கோர் எழுத, நேரம் பார்க்க, லைன் நிற்க ஆள் வேண்டுமல்லவா? அதற்குப் பழக்குங்கள். அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் வருவார்கள்.

கேடயம் கொடுப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் கேடயம் அலமாரியில்தான் இருக்கும். ஓடுகிறவருக்கு ஒரு ஜோடி ஸ்பைக், ஒரு வருடத்துக்கு முட்டைக்கும் பஸ்ஸுக்கும் காசு, அது காலில் இருக்கும். பணத்தைவிடப் பெரிதாக உங்களால் செய்ய முடிந்தது இன்னொன்று உண்டு. உங்கள் மன்றம் இருபத்தைந்து வருடமாகச் சான்றிதழ் கொடுத்துவருகிறது. அப்போது ஒரு பெயரில் ஆடிப் பரிசு வாங்கியவர் இப்போது வேறு பெயரில், வேறு பாலினத்தில் வாழலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்று வாங்கியிருப்பார். ஆனால் வேலைக்கோ ஜிம்மில் பயிற்சியாளராகவோ போகும்போது, பழைய பெயரில் உள்ள சான்றிதழைக் காட்டினால் கேள்வி மேல் கேள்வி வரும், அதற்குப் பயந்தே பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார். பழைய பதிவேட்டை எடுங்கள். கேட்பவர்களுக்கு இப்போதைய பெயரிலேயே அதே சான்றிதழைப் புதிதாக எழுதி, செயலாளர் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுங்கள். ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு நல்ல தாள், அவ்வளவுதான் செலவு. ஆடி வாங்கிய பரிசை அவருடைய பெயரிலேயே கையில் கொடுப்பதைவிட வேறென்ன மரியாதை இருக்கிறது?

எதிர்ப்பு வரும். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள். 2008-இலேயே தமிழ்நாடு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநரின் உரிமையை உறுதி செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று, மனமொத்த தன்பாலுறவு குற்றமல்ல என்றது. ஏப்ரல் 15-ஐ அரசே திருநங்கையர் தினமாகக் கொண்டாடி விருது தருகிறது. மன்றம் செய்வதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பெரியவர்களில் பலர் திருச்செங்கோட்டு மலை ஏறி அர்த்தநாரீசுவரரைக் கும்பிட்டு வருகிறவர்கள், அதையும் யாராவது எடுத்துச் சொல்வார்கள். சொல்லட்டும், தவறில்லை. நான் அதை முன்னால் வைக்க மாட்டேன். சாமி மாதிரி என்று கையெடுத்துவிட்டு, வீடு வாடகைக்குக் கேட்டால் இல்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று நினைத்தால் போதும்.

"பெண்கள் போட்டியில் திருநங்கை ஆடினால் நியாயமா?" என்ற கேள்வியும் வரும். அதைக் கேட்கிறவரைக் கெட்டவராக நினைக்காதீர்கள். அது உள்ளபடியே கடினமான கேள்வி. ஆணாகப் பருவமடைந்தவர்கள் சர்வதேசப் பெண்கள் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது என்று உலகத் தடகளச் சங்கம் 2023 மார்ச்சிலும், சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அதே ஆண்டு நவம்பரிலும் விதி வகுத்தன. 2025 செப்டம்பரிலிருந்து தடகளத்தில் மரபணுச் சோதனையும் வந்துவிட்டது. சாந்திக்கு நடந்ததைப் பார்த்த எனக்கு அந்தச் சோதனை வெசனத்தைத்தான் தருகிறது. எந்தப் பிரிவில் யார் ஆடுவது என்பது வேறு, யாருக்கு மரியாதை செய்வது என்பது வேறு. உங்கள் மேடையில் முதலாவதைத் தீர்க்க வேண்டியதில்லை. திருநம்பிகளுக்கும் தன்பாலீர்ப்பாளருக்கும் அந்தக் கேள்வியே எழாது. ஆனால் அவர்களும்தான் கேலிக்குப் பயந்து பாதியில் ஆட்டத்தை விடுகிறார்கள். எனக்குத் தெரிந்து, ரைடு போனால் புள்ளி இல்லாமல் திரும்பாத ஒரு பையன், டீமுக்குள்ளேயே வைத்த பட்டப்பெயர் தாங்காமல் பதினெட்டு வயதில் கபடியை விட்டான். அவன் ஊர்ப் பெயரை நான் சொல்ல மாட்டேன். அந்த டீம் அதற்கப்புறம் அரையிறுதியைத் தாண்டவில்லை.

தேதி முடிவானதும் எனக்குச் சொல்லுங்கள், விசில் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். டீச்சரிடம் நான் பேசிவிட்டேன். "எனக்கெதுக்குங்க துண்டெல்லாம்" என்று முதலில் சொன்னார், அப்புறம், "அந்தப் பையன் வர்றானா?" என்று கேட்டார். திண்ணை அறையில் தங்கியிருந்தவரைத்தான் கேட்டார். வருவார். ஆனால் மின்னொளி ஆட்டம் விடிய விடிய நடக்கும், டீச்சருக்கு எழுபது தாண்டிவிட்டது, பத்து மணிக்கு மேல் முழித்திருக்க முடியாது. அவர்களுக்கு உண்டான மரியாதையை முதல் ஆட்டம் தொடங்கும் முன்னாடியே வைத்துக்கொள்ளுங்கள். துண்டு இரண்டு வாங்குங்கள், ஸ்கூட்டியில் பின்னால் போன அவர் வீட்டுக்காரருக்கும் சேர்த்து.